பெரியப்பாவும் கர்ணனும் ஒரு டெராபைட்டும்

எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு பாத்துப் பாத்தே ரெண்டு மாசம் ஓட்டினவன் நான். அந்த ரெண்டு மாசத்துல என்ன போச்சுங்கறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சினிமா கலெக்‌ஷனை அடுக்கி வைக்க வழி தேடி வந்தவங்க மன்னிக்கணும், இது வீட்டு வீடியோ மேட்டர் :-)

எங்க வீட்ல ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருக்கு. அப்பா அம்மா கல்யாணம் கேசட்ல எடுத்து, பின்னாடி மூணு விசிடியா மாத்தினது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், சித்தப்பாவோட பழைய நோக்கியாவுல எடுத்த தபால்தலை சைஸ் 3ஜிபி, ஒகேனக்கல் பரிசல், வாட்ஸ்அப்ல வந்து குவிஞ்சது... மொத்தம் 340 ஃபைல். இதுல எனக்கு முக்கியமானது 2006-ல பென்னாகரம் பக்கம் எங்க ஊர்ல நடந்த பாரதக் கூத்து. கர்ண மோட்சம், அப்புறம் துரியோதனன் படுகளம். விடிய விடிய எடுத்தது, பதினோரு துண்டா கிடக்கு. பேரு என்ன தெரியுமா? 'AVSEQ01'-னு வருமே, அதேதான். 'ஏவிசீக்01', 'ஏவிசீக்02'... கல்யாண விசிடியிலயும் அதே பேரு! விசிடி எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும். போன்ல எடுத்ததுல தேதியாவது உள்ளயே பதிஞ்சிருக்கும், விசிடியோட டாட் ஃபைல்ல அதுவும் கிடையாது.

சரி, அடுக்கலாம்னு உக்காந்தேன். முதல்ல தேடினது அழகான சாஃப்ட்வேர். கோடி பாத்தேன். 2002 வாக்குல எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்காக ஆரம்பிச்சது, 2014-ல தான் கோடின்னு பேர் மாத்தினாங்க. பிளெக்ஸ் பாத்தேன். 2018 கடைசியில எம்பியில இருந்து பிரிஞ்சு வந்த ஜெல்லிஃபின் பாத்தேன். டிஜிகேம் பாத்தேன். யூட்யூப்ல ஒப்பீட்டு வீடியோ பாத்தேன், அதையும் டவுன்லோட் பண்ணி வெச்சேன் (அடுக்க வேண்டியது 341 ஆச்சு).

இதுல நிறைய சாஃப்ட்வேர் சினிமாவுக்குன்னே செஞ்சது. ஃபைல் பேரைப் பாத்து இணையத்துல தேடி போஸ்டர், கதைச் சுருக்கம் எல்லாம் கொண்டாந்து ஒட்டும். எங்க ஊர் கூத்துக்குக் 'கர்ணன்'னு பேர் வெச்சு, வகை சினிமான்னு தெரியாம அழுத்தினேன். 1964 சிவாஜி வந்து நின்னார். அவரைத் தூக்கிட்டு மறுபடி தேடச் சொன்னா 2021 தனுஷ். எங்க கர்ணன் பகல்ல மஞ்சள் மண்டிக்கு மூட்டை தூக்கறவர், அவருக்கு ஏதுங்க போஸ்டர்? (தப்பு என்னோடதுதான். ஜெல்லிஃபின்ல வீட்டு வீடியோவுக்குத் தனி வகை இருக்கு, பிளெக்ஸ்லயும் 'மற்ற வீடியோ'ன்னு ஒண்ணு உண்டு.)

இந்தக் கூத்துல யார் யார் ஆடினது, மிருதங்கம் யாரு, முன்வரிசையில உக்காந்திருக்கிற பெரிசுங்க யாருன்னு முழுசா தெரிஞ்சவர் எங்க பெரியப்பா. அந்த வருஷம் கூத்து வெச்ச செட்டுல அவர் ஒருத்தர். "எப்படா உக்காரலாம்"னு ரெண்டு தடவை கேட்டார். "சாஃப்ட்வேர் செட் ஆகட்டும் பெரியப்பா, ஒரே தடவையா எல்லாத்தையும் ஏத்திடலாம்"னேன். தை மாசம் தவறிட்டார்.

இதுக்கு மேல அதைப் பத்தி எழுத வரல.

பி.காம். பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சீட்டைப் பாத்து முதல்ல குறிப்பேட்டுல பதியறோம், அங்கிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதறோம். பேரேடு கிழிஞ்சு போனாலும் குறிப்பேட்டை வெச்சு மறுபடி போட்டுடலாம். குறிப்பேடே எழுதாம பேரேட்டுக்கு அட்டை போட்டு, கலர் பேப்பர் ஒட்டிட்டு இருந்தா? அதைத்தான் நான் ரெண்டு மாசமா பண்ணிட்டிருந்தேன். இந்த சாஃப்ட்வேர் எல்லாம் பேரேடு. குறிப்பேடுங்கறது ஃபைல் பேரும், பக்கத்துல ஒரு நோட்பேட் ஃபைலும் தான்.

பேரேடு கிழியாதுன்னு நினைக்காதீங்க. பிகாசாவை 2004-ல கூகுள் வாங்கினாங்க, உலகமே அதுல ஆல்பம் போட்டுச்சு, 2016-ல மூடிட்டாங்க. கூகுள் போட்டோஸ்ல கணக்கில்லாம ஏத்தறது 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சது. (ஒரு டெராபைட்டை எங்க ஊர் சிக்னல்ல ஏத்தறதா? பேரன் கல்யாணத்துக்குள்ள ஏறிடும்.) எங்க அக்காவுக்கு நேர்ந்தது இன்னும் சின்ன விஷயம். ஒரு சாஃப்ட்வேர்ல, பேர் வேண்டாம், ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆள் பேர் போட்டிருந்தா. ஹார்ட் டிஸ்க்கை வேற லேப்டாப்ல சொருகினதும் F: டிரைவ் G: ஆச்சு. போட்ட பேர் ஒண்ணு கூட இல்ல. வீடியோ எல்லாம் அப்படியே இருக்கு, எழுதினது மட்டும் பழைய லேப்டாப்போட போச்சு.

அதனால இப்ப சாஃப்ட்வேர் எடுக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கறது ஒரே கேள்வி. நான் டைப் பண்றது எங்க போய் உக்காருது? அதுக்குள்ளயேன்னா வேண்டாம். வீடியோ பக்கத்துலயே தனி ஃபைலா வெச்சா சரி. டிஜிகேம் அப்படி எழுதித் தரும், ஆனா அமைப்புல போய் நாமதான் சொல்லணும். கோடியும் ஜெல்லிஃபினும் என்எஃப்ஓன்னு ஒரு ஃபைலைப் படிக்கும், நோட்பேட்லயே திறக்கலாம். போஸ்டர், தீம் எல்லாம் அப்புறம்.

என் ஃபைல் பேர் இப்ப இப்படி இருக்கு: '2006-05 கூத்து கர்ண மோட்சம் 03'. வருஷம் முன்னாடி வந்தா தானா வரிசை ஆயிடும். மாசம் தெரியலன்னா 00. தமிழ்லயே பேர் வைக்கலாம், விண்டோஸ் ஒண்ணும் சொல்லாது, ஆனா எங்க வீட்டு பழைய டிவியில சொருகினா கட்டம் கட்டமா தெரியுது. தேட 'எவ்ரிதிங்'னு ஒரு குட்டி சாஃப்ட்வேர், டைப் பண்றதுக்குள்ள கொண்டாந்து கொடுக்கும். ஒரே வீடியோ நாலு தடவை இருக்கறதைப் பிடிக்க 'சுகாவ்கா'ன்னு ஒண்ணு இருக்கு (உச்சரிப்பு தப்புன்னா மன்னிக்கவும், போலிஷ் பேரு). வாட்ஸ்அப்ல வந்ததையும் ஒரிஜினலையும் பாத்தா சைஸ் பெரிசா இருக்கறதை வெச்சுக்குங்க. டாட் ஃபைல் ஓடலன்னா காப்பி எடுத்து கடைசி எழுத்தை எம்பிஜி-னு மாத்திப் பாருங்க, பெரும்பாலும் ஓடிடும்.

கடைசியா ஜெல்லிஃபின் தான் போட்டேன். அக்காவோட அரசு லேப்டாப்ல ஓடுது, வீட்டு வைஃபை போதும், நெட் இல்லாட்டியும் எல்லார் போன்லயும் வரும். ஒரு மத்தியானத்துல முடிஞ்ச வேலை.

மத்தியானத்துல முடியாதது ஆயா கூட உக்காந்து பண்றது. கண்ணு சரியாத் தெரியாது, குரலை வெச்சு சொல்றாங்க. "நிறுத்து, இது மேல்தெரு ஆளு"ம்பாங்க, நான் டைப் பண்ணுவேன். இதுவரைக்கும் 190 ஃபைல். படுகளத்துல துரியோதனனுக்குப் பின்பாட்டு பாடற பச்சைத் துண்டுக்காரர் யாருன்னு ஆயாவுக்கும் தெரியல. மிருதங்கம் வாசிச்சவர் இன்னும் பென்னாகரத்துல இருக்காராம். வர்ற ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போறேன்.

பி.கு: செமஸ்டர் கட்டணக் கணக்கியல் நோட்ஸ் கேட்டவங்களுக்கு திங்கள் தர்றேன். ஞாயிறு வேலை இருக்கு.