நின்றுபோன விசிறி

ஸ்பிட்ஃபயர் என்ற பழைய போர் விமானத்தின் ஒளிப்படத்தை எங்கேனும் பார்த்திருப்பீர்கள். பின்னால் நீல வானம். நீள்வட்ட வடிவான இறக்கைகள். உடலில் அடித்திருக்கும் ரிவெட் ஆணிகளைக்கூட எண்ணிவிடலாம் போன்ற தெளிவு. ஆனால் அதன் மூக்கிலுள்ள விசிறியைச் சற்றுக் கவனியுங்கள். தகடுகள் நான்கும் நான்கு திசைகளில் அசையாமல் நிற்கும். நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை விமானத்திற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? விசிறி உண்மையிலேயே நின்றிருந்தால் அந்த விமானி அப்போது இறங்க இடம் தேடிக்கொண்டிருப்பார்!

இப்படிப்பட்ட படம் பெரும்பாலும் மிக விலையுயர்ந்த கருவியால் எடுக்கப்பட்டது என்பதுதான் வேடிக்கை. கேமராவில் 1/4000 விநாடி ஷட்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன் என்ற எண்ணம். பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் படமெடுக்கக் கருவி தேர்ந்தெடுப்பவர், கேமராக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் பதினோராம் வகுப்பு இயற்பியல் இதற்குப் போதும். அந்தக் கணக்கைப் போட்டவர் தம் பெற்றோரின் பல மாதச் சம்பளத்தைக் கடையில் கொட்டிவிட்டு வரமாட்டார்.

முதலில், படமெடுக்கும் பொருள் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். டைகர் மாத் என்னும் இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் முதன்முதல் 1931இல் பறந்தது. டக்ளஸ் டி.சி. 3 என்ற டகோட்டா 1935இலும், ஸ்பிட்ஃபயர் 1936இலும் பறந்தன. இவை யாவும் விசிறியால் காற்றைப் பின்தள்ளி முன்னேறுபவை. இங்கிலாந்தில் பெட்ஃபர்ட்ஷயரிலுள்ள ஓல்டு வார்டன் என்ற சிற்றூரில் ஷட்டில்வொர்த் சேகரிப்பு இருக்கிறது. அங்கே புல்தரையிலிருந்து இவற்றைவிடப் பழைய விமானங்களும் எழும்புகின்றன. 1909ஆம் ஆண்டைச் சேர்ந்த ப்ளேரியோ விமானம் ஒன்று அங்கே உண்டு. காற்று அடங்கிய மாலை வேளைகளில் மட்டும், தரைக்குச் சற்று மேலே தத்தித் தாவும். முதல் உலகப்போர்க் காலத்துச் சாப்வித் பப் விமானத்தில் இன்னொரு விந்தை. அதில் விசிறி மட்டுமல்ல, சிலிண்டர்களோடு இன்ஜின் முழுவதுமே சுழலும்! நம் நாட்டு விமானப்படையிடமும் பறக்கும் நிலையில் ஒரு டகோட்டா உண்டு; 2018இல் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்தது. 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாவில் நடந்த வான் காட்சியில் டகோட்டாவும் ஹார்வர்டும் பறந்ததை உங்களில் சிலர் நேரிலேயே பார்த்திருக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் நிமிடத்திற்கு 3000 சுற்று வரை சுழலக்கூடியது. ஆனால் விசிறி அவ்வளவு வேகமாகச் சுற்றுவதில்லை. இடையிலுள்ள பற்சக்கரங்கள் அதைப் பாதிக்கும் குறைவாக்கிவிடும். காட்சிப் பறத்தலில் விசிறி நிமிடத்திற்குச் சுமார் 1200 சுற்று, அதாவது விநாடிக்கு 20 சுற்று சுழல்கிறது எனக் கொள்வோம். ஒரு விநாடியில் 7200 பாகை. 1/1000 விநாடியில் 7.2 பாகை. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாக நகரும் தூரம் அவ்வளவுதான்! விசிறி நின்றுபோனதாகத் தோன்றுவதில் வியப்பென்ன? 1/250 விநாடியில் ஏறத்தாழ 29 பாகை. அசைவு தெரியத் தொடங்குகிறது. நான்கு தகடுகள் இருந்தால் அவற்றிடையே 90 பாகை. ஒரு தகடு அடுத்த தகட்டின் இடத்தை எட்டும்வரை ஷட்டர் திறந்திருந்தால்தான் முழு வட்டம் பளபளக்கும். அதற்கு 1/80 விநாடி வேண்டும். மூன்று தகடுள்ள விசிறி இதே வேகத்தில் சுழன்றால் 1/60. டைகர் மாத்துக்கு இரண்டே தகடுகள். ஆனால் அங்கே விசிறி இன்ஜினோடு நேராக இணைந்து நிமிடத்திற்குச் சுமார் 2000 சுற்று சுழல்கிறது. கணக்குப் போட்டால் 1/67 விநாடி. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில் செய்த விமானங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விடையில் வந்து நிற்பது அழகாக இல்லையா?

இது தற்செயலன்று என்றும் சொல்லலாம். விசிறித் தகட்டின் முனை ஒலியின் வேகத்தை நெருங்கினால் ஆற்றல் வீணாகும். ஆகவே பெரிய விசிறி மெதுவாகத்தான் சுழல வேண்டும். ஹார்வர்டு விமானம் இந்த எல்லையை உரசிப் பார்க்கிறது. அதன் விசிறியின் விட்டம் சுமார் 2.74 மீட்டர், முழு வேகம் நிமிடத்திற்கு 2250 சுற்று. முனையின் வேகம் விநாடிக்கு 320 மீட்டருக்கு மேல். அது மேலெழும்போது காதைக் கிழிக்கும் அலறல் அந்த முனையிலிருந்துதான் வருகிறது. ஒலியைப் படமெடுக்க முடியாது. சுழற்சியையாவது எடுக்கலாமே.

சரி, 1/60 விநாடி என்று வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விமானம் உங்களிடமிருந்து 150 மீட்டர் தள்ளி, விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது. அதன் கோண வேகம் 90ஐ 150ஆல் வகுத்தது, விநாடிக்கு 0.6 ரேடியன். 1/60 விநாடியில் 0.01 ரேடியன். லென்ஸின் குவியத் தூரம் 300 மில்லிமீட்டர் என்றால், கேமராவை அசையாமல் பிடித்திருப்பவரின் படத்தில் விமானம் 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டுப் போகும். சென்சாரின் அகலமே 24 அல்லது 36 மில்லிமீட்டர்தான். ஆகவே கேமராவை விமானத்தின் கூடவே திருப்பிக்கொண்டு போக வேண்டும். திருப்பும் வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால் இழுபடுவது 0.03 மில்லிமீட்டர், கண் பொறுத்துக்கொள்ளும். நூற்றுக்குப் பத்துப் பிசகினால் படத்தை அழித்துவிட வேண்டியதுதான். அந்த நூற்றுக்கு ஒரு பங்கு உங்கள் இடுப்பிலும் தோளிலும் இருக்கிறது. அதை எந்தக் கடையும் விற்பதில்லை.

இன்னும் ஒரு நுட்பம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனையிலிருந்து முனைவரை சுமார் 11.2 மீட்டர். உடல் 150 மீட்டரில் இருந்தால், உங்கள் பக்கத்து இறக்கை முனை சுமார் 144 மீட்டரில் இருக்கிறது. அருகிலுள்ளது விரைவாக நகர்வதாகத் தோன்றும். இரயில் பயணத்தில் கண்டிருப்பீர்கள். உடலைக் கச்சிதமாகத் தொடர்ந்தாலும், 1/60 விநாடியில் அந்த முனை 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கலங்கிவிடும். பத்து லட்சம் கொடுத்து வாங்கிய கேமராவிலும் அதே அளவுதான் கலங்கும்! நடுக்கம் தடுக்கும் அமைப்பும் இதில் உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அறியும். சில பழைய லென்ஸ்களில் அந்த அமைப்பு நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கம் என்று எண்ணி எதிர்த்துப் போராடும். வாங்கும்போது, மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் தடுக்கும் இரண்டாம் நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள்.

பணம் அதிகமாகப் போவது எதற்குத் தெரியுமா? துளைக்கு. 400 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப்/2.8 துளையும் கொண்ட லென்ஸின் விலை நம் நாட்டில் பத்து லட்ச ரூபாயைத் தாண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி ஒளியை வாரிக் குடிப்பதற்காக. ஆனால் நமக்கு ஒளி பற்றாக்குறையா? நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால், எஃப்/16 துளைக்கு 1/100 விநாடி என்பது ஒளிப்படக்காரர்களின் பழைய விதி. 1/60 விநாடிக்குத் துளையை எஃப்/20 வரை சுருக்க வேண்டியிருக்கும். பத்து லட்சம் கொடுத்து வாங்கிய வாசலை மூடிவிட்டு, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போன்றது இது. அதிலும் ஒரு கெடுதல் உண்டு. துளை சுருங்கினால் விளிம்பு விளைவு தலைகாட்டும். பச்சை ஒளியின் அலைநீளத்தை 2.44ஆலும் துளை எண்ணாலும் பெருக்குங்கள். எஃப்/20இல் ஒரு புள்ளி சுமார் 27 மைக்ரோமீட்டர் வட்டமாகப் பரவும். இன்றைய சென்சாரின் நுண்கட்டம் ஒன்று சுமார் 4 மைக்ரோமீட்டர்தான். ஆகவே நமக்கு வேண்டியது ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி. கடையில் என்.டி. ஃபில்டர் என்று கேளுங்கள். நான்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் போட்டால் எஃப்/10இலேயே எடுக்கலாம், பரவலும் பாதியாகும். சில நூறு ரூபாய்ப் பொருள் இது. ஓல்டு வார்டன் போன்ற இடத்தில், மாலை மங்கிய பின் ப்ளேரியோவை எடுப்பவருக்குப் பெரிய துளை உதவும், மறுக்கவில்லை. அது நம் நண்பகல் வெயிலுக்குப் பொருந்தாது.

குவியத் தூரத்தையும் இதே முறையில் கணக்கிடலாம். ஸ்பிட்ஃபயரின் நீளம் சுமார் 9.1 மீட்டர். 150 மீட்டரில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் பிம்பம் 18 மில்லிமீட்டர். சிறிய சென்சாரில் முக்கால் பங்கு நிறைந்துவிடும். பெரிய சென்சாரில் பாதி. அப்படியானால் இந்த வேலைக்குச் சிறிய சென்சாரே மேல்! டகோட்டா 19 மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. 200 மீட்டரில்கூட 300 மில்லிமீட்டர் லென்ஸ் அதன் வாலை வெட்டிவிடும். எனவே 70 முதல் 300 வரை மாறும் லென்ஸ்தான் ஏற்றது. காட்சித் தூரம் இடத்துக்கு இடம் மாறுபடும். 2015இல் இங்கிலாந்தின் ஷோரம் நகரில் ஒரு ஜெட் விமானம் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தபின், அங்கே விமானங்கள் கூட்டத்திலிருந்து இன்னும் தள்ளிப் பறக்க வேண்டும் என்று விதி மாற்றினார்கள். அதற்காக 600 மில்லிமீட்டருக்குத் தாவ வேண்டியதில்லை. வெயிலில் சூடேறிய காற்று நெளிவதை நீளமான லென்ஸ் இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும்.

கைபேசி போதாதா என்று கேட்பீர்கள். அதன் சென்சார் படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு வர 1/30 விநாடி ஆனால் அதற்குள் விசிறி 240 பாகை சுற்றிவிடும். விளைவு, வாழைப்பழம் போல் வளைந்த தகடுகள். சில வேளை உடலை விட்டுப் பிரிந்து மிதக்கும் தகடுகள்! பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்ட்டிக் 1910களில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். திரை ஷட்டரின் பிளவு மெல்ல நகர்ந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட ஒரு கேமரா முழுச் சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. அதன் விலைக்கு நீங்கள் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். எந்திர ஷட்டர் உள்ள பழைய எஸ்.எல்.ஆர். வகை டிஜிட்டல் கேமரா, இரண்டாம் கையாகக் கிடைப்பது, இந்த வேலைக்குத் தாராளம்.

விசிறியை நிறுத்தி எடுத்துவிட்டு, பின்னர் கணினியில் சுழல்வது போல் தீட்டிக்கொள்வோரும் உளர். இதை நான் ஏற்கமாட்டேன். 2022 நவம்பரில் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பி 17 விமானமும் பி 63 விமானமும் காட்சியின்போது மோதி ஆறு பேர் மாண்டனர். விசாரித்தவர்கள் பொதுமக்கள் எடுத்த படங்களையும் ஒளிப்பதிவுகளையும் தரும்படி கேட்டார்கள். அந்த இரு விமானங்கள் இனி இல்லை. இருப்பவையும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. ஒரு விமானம் எப்படிப் பறந்தது என்பதற்கு உங்கள் படமே சாட்சியாக நிற்கும் நாள் வரலாம். தீட்டிய படம் எதற்குச் சாட்சி சொல்லும்?

பையில் வைக்க வேண்டியவற்றுள் கேமராவுக்கும் முன்னால் தண்ணீரும் தொப்பியும் வரட்டும். மெரினாவில் அன்று வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐந்து பேர் உயிரிழந்தனர். கிழக்கே கடலைப் பார்த்து நிற்பவருக்கு முற்பகலில் சூரியன் முகத்துக்கு எதிரே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். விமானத்தின் நம் பக்கம் நிழலில்தான் கிடக்கும்.

பயிற்சிக்கு விமானம் தேவையில்லை. நெடுஞ்சாலை ஓரமாக, பாதுகாப்பான தூரத்தில் நின்று, ஷட்டரை 1/250இல் வைத்துப் போகிற பேருந்துகளை எடுங்கள். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க முடிய வேண்டும். சக்கரம் சுழல வேண்டும். பத்தில் ஏழு தேறினால் 1/125க்கு இறங்குங்கள், பிறகு 1/60க்கு. அங்கே பத்தில் ஒன்று தேறினாலே நல்ல கைதான். பேருந்து 20 மீட்டர் தள்ளி, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அதன் கோண வேகம் என்ன? மேலே கண்ட ஸ்பிட்ஃபயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.