பழைய கதிரையை லொறிக்காரருக்குக் கொடுக்க முன்னர்

"பழைய இரும்பு, பித்தளை, பழைய கதிரை, அலுமாரி" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிற சிறிய லொறியை நீங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் ஒழுங்கையிலும் ஒரு காலை அது வந்து நின்றது. மூன்றாவது வீட்டு அம்மா தமது தாயாரின் சாய்மனைக் கதிரையை 2,000 ரூபாவுக்குக் கொடுத்தார். பிரம்புப் பின்னல் அறுந்து, ஒரு கை ஆடிக்கொண்டிருந்த கதிரை. அந்தக் குடும்பம் 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியது. 1995 ஐப்பசிக் கடைசியில் மறுபடியும் எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. வீட்டுக் கூரையும் கதவு நிலைகளும் போன பிறகும் அந்தக் கதிரை மிஞ்சியதென்றால், முன்னரே அது கரவெட்டியில் உறவினர் வீடொன்றில் கிடந்ததுதான் காரணம்.

"ஏன் அக்கா கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேணும் தம்பி. அது சும்மா கிடந்து உளுக்கிறதுதானே" என்றார். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், "பாரம்பரியச் சொத்தை விற்காதே" என்று புத்தி சொல்லுவது எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் சில மாதங்களின் பின்னர் கொழும்பில் பழம்பொருட் கடையொன்றின் கண்ணாடிக்குள் அதே சாயலில், மெருகேற்றி வைத்த ஒரு கதிரையைக் கண்டேன். விலைச்சீட்டில் 65,000 ரூபா என்று இருந்தது. அதே கதிரை என்று நான் சொல்லவில்லை. லொறிக்கு எண்ணெய், கடைக்கு வாடகை, இடையில் இரண்டு மூன்று கைகள் என எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. ஆனாலும் கழுவுதல், மூட்டை இறுக்குதல், பின்னல் போடுதல், பொலிஷ் பூசுதல் என்ற நான்கு வேலைகளும் அதற்குள் இருக்கின்றன. இந்த நான்கையும் நமது முற்றத்தில் செய்ய முடியாதா என்பதே என் கேள்வி.

முடியும் என்றே நான் நினைக்கிறேன். அதற்கு முதலில் கையிலுள்ள மரம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். நமது பகுதிப் பழைய தளபாடங்களில் தேக்கு, முதிரை, வேம்பு, பலா எல்லாம் உண்டு. பெயின்ற் பூசிய அலுமாரி என்றால் பின்பக்கத்திலோ லாச்சியின் அடியிலோ பூச்சு இல்லாத இடத்தைப் பாருங்கள். ஊரில் ஒரு வயதான ஓடாவி இருந்தால் அவரைக் கூட்டிவந்து காட்டுவது இன்னும் நல்லது. ஒரு தேநீர்ச் செலவில் முடிகிற இந்த ஆலோசனையைக் கேளாமல், முதல்முறை வந்த லொறிக்கே பொருளை ஏற்றிவிடுகிறோம்.

அடுத்தது உளுத்தல். மரத்தில் ஊசித் துளைகள் இருப்பதால் மட்டும் அது பழுதென்று தள்ளிவிட வேண்டாம். பொருளை ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் சில நாட்கள் வைத்துப் பாருங்கள். புதிதாய் மா கொட்டினால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது, மருந்து போடவேண்டும். கொட்டாவிட்டால் அது பழைய காயம். துளைகளை மெழுகால் அடைத்துவிடலாம்.

ஆடுகிற மூட்டுக்கு ஆணி அடிப்பதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. ஆணி மரத்தைப் பிளக்கும், பின்பு துருப்பிடித்துக் கறை இறக்கும். பழைய தச்சர்கள் மூட்டுகளை வச்சிரத்தால் ஒட்டினார்கள். வச்சிரம் வெந்நீரில் இளகும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றிச் சிறிது நேரம் விட்டு, மெதுவாக ஆட்டினால் கழன்று வரும். பழைய பசையைச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, புதுப் பசை போட்டு, சைக்கிள் ரியூப்பைக் கீறி எடுத்த நாடாவால் இறுகச் சுற்றி ஒரு நாள் விட்டால் போதும். சைக்கிள் ரியூப் இல்லாத வீடு நம்மிடையே ஏது?

மேற்பூச்சுக்கு வருவோம். கதிரையின் மறைவான ஓரத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். அப்படியானால் அரத்தாள் தேவையே இல்லை. சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட் துணியால் இழுத்தாலே பழைய அரக்கு இளகிச் சமமாகப் படியும். அதன்மேல் மெல்லியதாய் இரண்டு மூன்று முறை புதுப் பொலிஷ் போடலாம். அரத்தாளைக் கண்டவுடன் தேய்க்கத் தொடங்குகிற இளைஞர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுபது எண்பது வருடங்களாய் மரத்தில் ஊறிய நிறத்தை அரை மணி நேரத்தில் தேய்த்து எறிந்துவிடுவார்கள். கோஸ்ரிக் சோடா போட்டுக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கையையும் சுடும், தேக்கையும் கறுக்கப் பண்ணும்.

இரண்டு ஆபத்துக்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் விற்கும் பெயின்றுகளில் ஈயத்தின் அளவுக்கான வரையறை 2013ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய பெயின்றை உலர்வாகத் தேய்க்கக்கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வருகிற கசட்டைக் கடதாசியில் வழித்தெடுத்துக் கட்டிப் போடுங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அந்தப் பக்கம் வரவேண்டாம், கிணற்றடியிலும் இந்த வேலை வேண்டாம். மற்றது நெருப்பு. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், ஒருவரும் நெருப்பு வைக்காமலே அது சூடேறிப் பற்றிக்கொள்ளும். கல்வீட்டுக்கே இது ஆபத்து. கிடுகும் தறப்பாளுமாய் இருக்கிற நமது கொட்டில்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? அந்தத் துணியை வெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளிக்குள் போடுங்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்து ஈரக் காற்றில் அரக்குப் பொலிஷ் வெள்ளையாய்ப் பூத்துவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை அதைத் தொடாதிருப்பது நல்லது. வன்னியில் காலபோகம் மட்டும் செய்கிற குடும்பங்களுக்குத் தையிலும் மாசியிலும் அருவி வெட்டு முடிந்துவிடும். அதன் பின்னர் மழைவரைக்கும் உள்ள கோடை, மரவேலைக்கு ஏற்ற காலம். ஓலை இதற்கு மறுதலை. காய்ந்த வெய்யிலில் சார்வோலை முறியும், பனி ஈரத்தில்தான் கைக்கு இசையும். அதனாலேயே நமது பாட்டிமார் விடியப்புறத்தில் பெட்டி இழைத்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே நடுமத்தியானத்தில் பயிற்சி வகுப்பு வைத்தால் ஓலை மட்டுமா முறியும், மனிதரும்தான்.

பயிற்சி வகுப்பு என்றவுடன் சொல்லத்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டின் பின்னர் இடம்பெயர்ந்தோரிடமும் மீளக்குடியமர்ந்தோரிடமும் வந்த கைப்பணித் திட்டங்களை எண்ணினால் விரல்கள் போதா. பத்து நாள் வகுப்பு, சான்றிதழ், ஒரு படம். நாற்பது பெண்களும் ஒரே மாதிரிப் பேனைக்கூடு இழைத்தார்கள். நான் கண்ட ஒரு கிராமத்தில் அந்தப் பேனைக்கூடுகள் மாதர் சங்கக் கட்டடத்தில் அடுக்கி வைத்தபடியே பூஞ்சணம் பிடித்தன. இழைத்த கைகளில் குறையில்லை. யார் வாங்குவார்கள் என்று முதலில் ஒருவரும் கேட்கவில்லை.

நம்முடைய சமையலறையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், மூடுபெட்டி, இடியப்பத் தட்டு இவற்றுக்கு ஊருக்குள்ளேயே தேவை இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் பொலித்தீன் மதிய உணவுத் தாளுக்கும், 2023ஆம் ஆண்டில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பைகளுக்கும் அரசாங்கம் தடை விதித்தது. நடைமுறை எப்படியிருந்தாலும், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் மாற்றுப் பொருளைத் தேடுகிறார்கள். ஓலைத் தட்டுவமும் பிளாவும் நமக்குப் புதிதல்லவே. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலையும் பஞ்சையும் கொண்டு விளக்கெரித்து ஒரு தலைமுறையையே படிக்க வைத்த சனங்கள் நாங்கள். ஒன்று மட்டும் கவனம்: வடலியில் குருத்தை ஓயாமல் வெட்டினால் மரம் தேறாது. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிபட்ட பனைகளின் இடத்தில் நிற்பவை இந்த வடலிகள்தான்.

விலை வைக்கும்போது பெண்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் எடுப்பதேயில்லை. எங்கள் பகுதிப் பெண்கள் சிலருடன் இருந்து ஒரு மூடுபெட்டிக்குக் கணக்குப் பார்த்தோம். ஓலை வார்தல், சாயம் அவித்தல், இழைத்தல், பொத்துதல் என்று அங்குமிங்குமாய்ச் செலவான நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு முழுநாள் வந்தது. அதை விற்ற காசு, அதே நாளில் வெங்காயம் பிடுங்கப் போயிருந்தால் கிடைக்கக்கூடிய கூலியில் பாதிகூட இல்லை. "வீட்டிலிருந்து செய்கிற வேலைதானே" என்று வாங்குகிறவர் சொல்லுகிறார், வீட்டுக்காரரும் சொல்லுகிறார். வீட்டிலிருந்து செய்தால் கண்ணும் முதுகும் நோகாதா? மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி வராத பொருளைச் சந்தைக்கென்று இழைக்க வேண்டாம், வீட்டுத் தேவைக்கு மட்டும் இழையுங்கள்.

ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். தோட்டம் செய்தவர்கள் உளியைத் தொடுவது குறைவு என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. "அது எங்கட வேலையில்லை" என்று ஒருவர் என்னிடம் நேரேயே சொன்னார். அப்படிச் சொன்னவர் சந்தியில் காலை முதல் மாலை வரை இருக்கிறார், அவருடைய மனைவி பெட்டி இழைக்கிறார். மண்வெட்டிக்குப் பிடி போடத் தெரிந்த கைக்குக் கதிரைக் கால் பொருத்துவது பாரமான வித்தையல்ல. சாதியைக் கட்டிக்கொண்டு இருந்தால் பசி தீராது.

இவ்வளவும் எழுதிவிட்டு என் மனதிலுள்ள பயத்தையும் சொல்ல வேண்டும். கைப்பணியைக் காணிக்குப் பதிலாகக் காட்டுகிற ஒரு போக்கு இருக்கிறது. மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. முகாம் மூடப்பட்டதால் எல்லோருக்கும் காணி கிடைத்துவிட்டதாகாது. வலிகாமம் வடக்கிலும் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டாலும் இன்னும் முழுமையாக விடுபடவில்லை. இப்படி இருக்கையில் ஒரு குடும்பத்துக்குத் தையல் இயந்திரத்தையோ ஓலைச் சாயத்தையோ கொடுத்து, "சுயதொழில் பெற்றவர்கள்" என்ற பட்டியலில் பெயரைச் சேர்த்துக் கோப்பை மூடிவிடுவது சுலபம். கமக்காரருக்கு வேண்டியது நிலமும் நீரும். அவை கிடைக்கும் வரையிலும், கிடைத்த பின்பு விளைச்சலுக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் கையைத் தாங்குகிற தடியாகவே இத்தொழிலை நான் பார்க்கிறேன். எங்காவது பட்டியலில் கையொப்பமிடச் சொன்னால், காணிக் கோரிக்கை அதனால் இல்லாமற் போகாது என்பதை எழுத்தில் கேளுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முயலுங்கள். அது பத்துக் கதிரைகளை விடப் பெறுமதியானது.

கதிரையை விற்ற அந்த அம்மாவிடம் இன்னொரு பொருள் மிஞ்சியிருக்கிறது. ஒரு பெட்டகம். பிணைச்சல் ஒன்று உடைந்து, மேலே பச்சைப் பெயின்ற் பூசியது. லொறிக்காரர் அதற்கும் விலை கேட்டிருக்கிறார். இம்முறை அவர் உடனே கொடுக்காமல் என்னிடம் வந்து சொன்னார். லாச்சியை இழுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தபோது முதிரை மரம் என்று தெரிந்தது. மழை விட்டபின் பங்குனியில் தொடங்குவதாக இருக்கிறோம். விற்பதற்கா என்று கேட்டேன். இல்லையாம், காணி விடுபட்டால் முதல் மழைக்கு விதைக்கப் பயறு போட்டு வைக்க வேண்டுமாம். ஆகவே உட்பக்கத்துக்கு மருந்தும் பொலிஷும் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.