வீட்டுப் படம் யாருக்குப் புரிய வேண்டும்?

கட்டிடக்கலை படித்த பொறியாளரின் தனிச் சொத்தா? இல்லவே இல்லை. செங்கல் சுமக்கும் உழைப்பாளிக்கும் அது புரிய வேண்டும்.

லாரி பேக்கர் இதைச் செய்து காட்டினார். சிக்கன வீடு பற்றிக் கைப்பட எழுதி, படம் வரைந்து, சிறு நூல்கள் வெளியிட்டார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறக்குறையக் காற்பங்கு செங்கல் மிச்சம்; வெக்கையும் குறையும். இவ்வேலைக்கென்று 1985-ல் அமைந்த காஸ்ட்ஃபோர்டு நிறுவனத்திற்குத் தலைமை தாங்கியவர், கேரள முன்னாள் முதல்வர் தோழர் அச்சுத மேனன்!

இன்று கைப்பேசியில் மாளிகைப் படங்கள் குவிகின்றன. நமக்கென்ன பயன்? 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். ஒவ்வொரு செங்கல்லும் கணக்கு! பென்னாகரத்திலும் அரூரிலும் வீட்டுப் படத்தைத் தமிழில், அளவும் செலவும் விளங்க, ஊராட்சிச் சுவரில் எழுதக் கோருவோம். கைப்பேசியிலும் அதுவே வரட்டும். குடியிருக்கப் போகிறவர்கள் பார்த்துக் கேள்வி கேட்கட்டும்!