கிரேடு வந்துவிட்டது, வாசித்துச் சொல்ல ஆள் உண்டா?

செமஸ்டர் ரிசல்ட் வெளியாகும் நாளில் நமது கடைவீதிகளில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மகன் கைபேசியில் பதிவு எண்ணைத் தட்டுகிறான். தந்தை கல்லாவில் அமர்ந்தபடியே, "பாஸா, ஃபெயிலா?" என்கிறார். "ரெண்டு அரியர் அத்தா." அவ்வளவுதான்! "படிச்சது போதும், நாளையிலிருந்து கடைக்கு வா" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அல்லது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போகிறது.

சரக்கு இறங்கினால் பில்லோடு ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்கள் நாம். லட்சங்களைக் கொட்டிப் படிக்க வைத்த மகனின் கணக்கை மட்டும் ஒரே சொல்லில் முடித்துவிடுவது என்ன நியாயம்?

தந்தையைக் குறை சொல்லவும் முடியாது. அவர் காலத்தில் மார்க் என்றால் மார்க். 35 வந்தால் பாஸ். இன்று திரையில் வருவது எழுத்து. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி 91க்கு மேல் 'ஓ'. அதற்குக் கீழே ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி என்று இறங்கி, 50 முதல் 55 வரை 'சி'. 'யூ' என்றால் மீண்டும் எழுத வேண்டும். 'எஸ்ஏ' என்று இருந்தால் அது தேர்வில் தோற்றதல்ல. வருகைப் பதிவு குறைந்ததால் தேர்வெழுதவே விடவில்லை என்று பொருள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் மகனை அடித்த தந்தையும் உண்டு, தெரியாததைப் பயன்படுத்தித் தந்தையை ஏமாற்றிய மகனும் உண்டு!

"இன்டர்னலில் 40க்கு 36 வாங்கினேன், எப்படி ஃபெயில்?" என்று கேட்கும் மாணவர்கள் பலர். எழுத்துத் தேர்வு 100க்கு நடக்கிறது, பிறகு 60க்குச் சுருக்கப்படுகிறது. அந்த நூற்றில் 45 எடுத்தே தீரவேண்டும். 43 எடுத்தவனுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 26. இன்டர்னலோடு கூட்டினால் 62. பாஸ் மார்க் 50ஐத் தாண்டியும் அவனுக்கு 'யூ'தான். இரண்டே இரண்டு மார்க்கில் போன பையனைத்தான் மூட்டை தூக்க அனுப்புகிறோம்.

சராசரியிலும் இப்படித்தான். பாடத்துக்குப் பாடம் கிரெடிட் எடை மாறும். 4 கிரெடிட் கணக்குப் பாடத்தில் 'பி' வாங்கினால் 6 புள்ளி, 2 கிரெடிட் ஆய்வகத்தில் 'ஓ' வாங்கினால் 10 புள்ளி. சாதாரணமாகக் கூட்டி வகுத்தால் 8 வரும். எடை போட்டால் 44ஐ 6ஆல் வகுக்க வேண்டும், 7.33தான். எடைக்கல் பிடித்துப் பழகிய வியாபாரிக்கு இதைப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதும். சொல்ல ஆள்தான் இல்லை.

ஒரு மார்க், இரண்டு மார்க்கில் போனவனுக்கு வழி இருக்கிறது. முதலில் விடைத்தாள் நகலுக்குக் கல்லூரி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நகல் கைக்கு வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவனுக்கு உண்டு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றமே 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அவகாசம் சில நாட்களே. வீட்டில் அழுகையும் ஏச்சும் ஓய்வதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது!

"மார்க் ஏத்தித் தருகிறேன்" என்று வரும் புரோக்கர்களைக் கடைப்படியிலேயே நிறுத்துங்கள். 2017 ஏப்ரல், மே தேர்வின் மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018இல் ஊழல் தடுப்புத் துறை வழக்கே பதிந்தது.

சுவரொட்டி ஒட்ட இரவெல்லாம் விழிக்கும் நம் கிளை இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். அவர்களிலேயே பொறியியல் முடித்தவர்கள் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் மாலை கிளை அலுவலகத்தில் ஒரு கணினியோடு இருவர் உட்காருங்கள். மாணவன் தந்தையோடு வரட்டும். பதிவு எண்ணைப் போட்டு, வந்த எழுத்துக்கெல்லாம் பொருள் சொல்லி, நகல் கேட்கும் கடைசித் தேதியைச் சீட்டில் எழுதித் தந்தையின் கையில் கொடுங்கள். மகனின் கையில் கொடுத்தால் அது சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடும். நகல் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அந்தத் தெருவின் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் ஆளுக்கு ஒரு வேளை டீச்செலவுதான் ஆகும்.