பட்டறை வாசலில் நம் பிள்ளைகள்

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தோன்றியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. அவற்றை நாடி வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் நம் பங்குகளில் பல. கடைசல் இயந்திரத்தின் முன் நின்று தொழில் கற்ற அப்பெரியவர்கள் இன்று ஓய்வு பெற்று வீட்டில் இருக்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளில் சிலர் ஒப்பந்தக் கூலிகளாக அதே வாசல்களில் நிற்கின்றனர். இரு சாராருக்குமிடையே தொழிலைப் பற்றிய பேச்சே இல்லை.

புனித தொன் போஸ்கோ 1852இல் துரின் நகரில், தச்சர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்ற சிறுவனுக்காக ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலை வாங்கலாகாது. திருநாள்களில் ஓய்வு தர வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. கூலியும் குறிக்கப்பட்டிருந்தது! இளைஞர் மீது அன்பென்றால் உபதேசமே என்றெண்ணும் நமக்கு இது சற்றுப் புதிதுதான்.

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் உண்டு. பயிற்சிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் உதவித்தொகையும் வேண்டுமென்கிறது. அத்தாளைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் பிள்ளைகள் எத்தனை பேர்? படித்து விளக்க வல்லவர்கள், தொழிற்சங்கத்தில் பழகிய நம் முதியோரே. ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் தாழ்வாரத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டால் போதும். வேலைக்குச் செல்லவிருக்கும் பிள்ளை தன் தாளைக் கொண்டு வரட்டும். ஒப்பந்தக் கூலியாயின் வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பிடித்தங்களையும் பெரியவர்கள் மறவாமல் விசாரிக்க வேண்டும்.