யார் காலுக்கு இந்தக் கல்?

மழை விட்ட சாயங்காலம் புதுக்கோட்டைக் கடைவீதியில் நடக்கும் பெண்களைக் கவனியுங்கள். ஒரு கையில் சேலைக் கொசுவம், மறு கையில் பையோ பிள்ளையோ. கண் தரையை விட்டு எழாது. இதைத்தான் அடக்கமான நடை என்று நம் புலவர்களும் மாமியார்களும் மெச்சிக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது அடக்கமில்லை. கடை வாசலில் பதித்த பளபளப்பு டைல்ஸ் அது. ஈரம் பட்டால் ரப்பர் செருப்பு அதில் நிற்காது.

நடைபாதையில் எதைப் பதிப்பது என்பது பொறியாளர் சமாச்சாரம், பெண்ணியத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். யார் நடக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும். வீட்டில் ஒரு பைக் இருந்தால் அது ஆணின் பைக். ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மற்றவர்கள் நடக்கிறார்கள். 2021 முதல் நகரப் பேருந்தில் நமக்குக் கட்டணம் இல்லை. நல்லது. ஆனால் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்குமான தூரத்தை அரசு இன்னும் நம் முழங்காலிடம்தான் விட்டிருக்கிறது. அறுபது வயதுக்குமேல் வழுக்கி விழும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பல வீடுகளில் அவள் பிறகு வாசல் தாண்டுவதே இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவது மகள், இல்லையென்றால் மருமகள்.

நம் ஊர்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் சாக்கடையின் மூடிதான். மழைநீர் வடிகால்மேல் சிமெண்ட் பலகைகளை வரிசையாகப் போட்டு, நடுநடுவே கை நுழையும் இடைவெளி விட்டு, அதன்மேல் நடக்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் பணம் வந்தால் பேவர் பிளாக். அதைக் குறை சொல்ல மாட்டேன். குழாய்க்காகத் தோண்டினால் எடுத்துத் திரும்ப அடுக்கலாம். ஆனால் அது மணல் படுக்கையின்மேல் உட்காரும் கல். ஓரத்தில் இறுக்கமாகக் கட்டைக்கல் வைக்காவிட்டால் ஒரே மழையில் மணல் கரைந்து போகும். மறுநாள் மிதித்தால் அடியில் தேங்கிய சேற்றுத்தண்ணீர் முழங்கால் வரை பீச்சியடிக்கும். இடுக்குகளில் சேரும் குப்பையைக் குனிந்து கிளறுவது தூய்மைப் பணியாளர் அக்கா. எந்த ஒப்பந்தத்திலும் அவள் முதுகுக்கு விலை போடப்படவில்லை.

அழகுபடுத்துகிறோம் என்று இறங்கினால் வருவது கிரானைட், அதுவும் கண்ணாடி மாதிரி இழைத்தது. காருக்குள்ளிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் திருவப்பூர் மாரியம்மனுக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுப்பவளுக்குக் கறுப்புக் கல் என்ன செய்யும் என்று அதைத் தேர்ந்தெடுத்தவர் யோசித்திருக்க மாட்டார். கல்மேல் எனக்குக் கோபமில்லை, இழைப்பின்மேல்தான். இதே கல்லை உளியால் பொளிந்தோ தீச்சுவாலையில் காட்டியோ சொரசொரப்பாக்கினால் கால் நிற்கும்.

இதைச் சொல்லித்தரப் பொறியியல் கல்லூரி வேண்டியதில்லை. அம்மி வழவழத்துப் போனால் மசாலா அரைபடாது, கொத்துகிறவரைக் கூப்பிட வேண்டும் என்பது நம் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கல் பிடிக்கும், எது நழுவும் என்ற அறிவு சமையலறையில் காலகாலமாகக் கிடக்கிறது. டெண்டர் எழுதும் மேசையில் அதற்கு நாற்காலி இல்லை.

இத்தனைக்கும் இது கல்லின் மாவட்டம். ஜல்லி உடைத்து, கற்பொடியை மூச்சில் இழுத்து, நெஞ்சு கெட்டுப்போன பெண்களின் மாவட்டம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இங்கே கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அறிவொளி இயக்கம் பரவிய அதே ஆண்டுகளில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். குவாரியையே நடத்தத் தெரிந்தவளிடம், தெருவில் எந்தக் கல்லைப் போடலாம் என்று முப்பது ஆண்டு கழித்தும் கேட்க ஆளில்லை. 2024இல் நகராட்சி மாநகராட்சியும் ஆகிவிட்டது.

விதி இல்லாமலும் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல், நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்கிறது. விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்குமேல் போகக் கூடாது என்கிறது. நம் தெருவில் ஒரு முழ உயரம் ஏறி, பத்தடி நடந்து, ஒரு வீட்டின் சாய்தளத்துக்காக இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மூட்டுவலிக்காரி சாலையிலேயே நடந்துவிடுகிறாள். உடனே, ‘கட்டிக் கொடுத்தாலும் இவர்கள் ஏற மாட்டார்கள்’ என்று பழி.

அகலத்தைக் கேட்டால் பூக்காரியையும் கீரைக்காரியையும் விரட்டுவதே தீர்வு என்று சிலர் கிளம்புவார்கள். அந்தப் பேச்சுக்கு நான் துணை போக மாட்டேன். 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. இருட்டிய பிறகு பூக்காரி உட்கார்ந்திருக்கும் தெருவில்தான் மற்றப் பெண்களும் பயமில்லாமல் நடக்கிறார்கள். நடைபாதையை அடைத்து நிற்கும் கார்களை முதலில் எடுக்கட்டும்.

நான் கேட்பது ஆடம்பரமில்லை. துடைப்பத்தால் கோடிழுத்த சாதாரணக் கான்கிரீட் போதும். விலை குறைவு, வழுக்காது, பெருக்க எளிது. அடியில் குழாய் போகும் பட்டையில் மட்டும் பேவர் பிளாக், ஓரம் கட்டி. பில் பாஸ் ஆகும் முன் பத்தடிக்குப் பதித்துக் காட்டட்டும். அதன்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, தேய்ந்த செருப்போடு ஒரு பாட்டியும், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தியும், துடைப்பத்தோடு தூய்மைப் பணியாளரும் நடந்து பார்க்கட்டும். கையெழுத்துப் போடும் அதிகாரியும் அன்றைக்கு அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வரட்டும்.