127 பாகையில் ஓடும் கம்பியூட்டர்

தண்ணீர் 100 பாகையிலேயே கொதிச்சிடும். ஆனா ஒரு பழைய டெஸ்க்டொப் 127 பாகை செல்சியஸில் சத்தமில்லாம ஓடிக்கொண்டிருக்குது எண்டு திரையில ஒரு சொப்ட்வெயார் சிவப்பு எழுத்தில காட்டுது. பார்க்கிற பெடியன் பயந்து பிளக்கைப் பிடுங்குறான். அடுத்த நாள் அந்தப் பெட்டி மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போகுது. "புரொசசர் சூடாகுது, போர்டும் சரியில்ல, இதுக்குச் செலவழிக்கிறது வீண்" என்ற தீர்ப்போடு திரும்பி வருது. சில நேரம் திரும்பி வராமலே போகுது.

இந்தத் தீர்ப்புகளில் ஒரு பகுதியாவது பிழை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். திரையில் வரும் எண்ணை விசாரிக்காமல் பெட்டிக்குத் தீர்ப்பு எழுதுவதை நாங்கள் நிறுத்த வேண்டும். அந்த விசாரணைக்குக் காசு கொடுக்கவும் பழக வேண்டும்.

இதை ஏன் பெரிசா எடுக்க வேணும் எண்டு கேட்கலாம். 2022 மார்ச்சுக்கு முன்னர் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் வந்தபோது 360 ரூபாவைத் தொட்டது. கம்பியூட்டருக்குள் இருக்கும் எந்தப் பொருளும் இங்கே செய்யப்படுவதில்லை. எல்லாம் கப்பலில் வருவது. அந்த அடிக்குப் பிறகு படுவான்கரையிலும் சரி, எழுவான்கரையிலும் சரி, பல வீடுகளில் புதுப் பெட்டி என்ற பேச்சே இல்லாமல் போனது. இருக்கிறது பாவிச்ச பெட்டிதான். மாமா கொழும்பிலிருந்து அனுப்பியது, அலுவலகம் கழித்துவிட்டது, ரீகொண்டிஷன் கடையில் வாங்கியது. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் ஒரே கம்பியூட்டர் அதுதான் என்றால், அதன்மீது எழுதப்படும் தீர்ப்பு சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த 127 எங்கிருந்து வந்தது?

மதர்போர்டில் சூடு, மின்னழுத்தம், ஃபேன் வேகம் ஆகியவற்றைப் பார்க்கவென்று தனியாக ஒரு சிப் இருக்கும். அதற்குச் சூடு உணரிகளை இணைக்க இரண்டு மூன்று கால்கள் உண்டு. போர்ட் செய்த கொம்பனி எல்லாக் கால்களுக்கும் உணரி பூட்டுவதில்லை, செலவு மிச்சம். பூட்டாத காலில் ஒன்றுமே இல்லை. ஆனால் சொப்ட்வெயாருக்கு அது தெரியாது. அந்தக் காலையும் வாசிக்கும். குறியோடு 8 பிட்டில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 127, ஆகச் சிறிய எண் கழித்தல் 128. வெறுங்காலை வாசித்தால் பெரும்பாலும் இந்த இரண்டு ஓரங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். ஆகவே 127 என்பது சூடே இல்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்த பதில் அது. சில போர்ட்களில் அதே வெறுங்கால் 70, 80 என்று நம்பக்கூடிய எண்ணையும் காட்டும். 127ஐப் பார்த்தால் சந்தேகம் வரும், 80ஐப் பார்த்தால் வராது. அதுதான் ஆபத்து.

வெறுங்கால் மட்டும் காரணம் என்றால் கதை இதோடு முடிந்திருக்கும். புரொசசருக்குள்ளேயே இருக்கும் உணரியும் நாங்கள் நினைப்பதுபோலப் பேசுவதில்லை. 2006இல் வந்த இன்டெல் கோர் 2 வகையை எடுங்கள். இன்றும் எங்கட ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கும் பல பெட்டிகள் அந்தத் தலைமுறைதான். அதற்குள் இருக்கும் உணரி "இப்ப 55 பாகை" என்று சொல்லாது. "எல்லைக்கு இன்னும் 45 இருக்குது" என்று மட்டும் சொல்லும். அந்த எல்லை எத்தனை பாகை? அதை இந்த டெஸ்க்டொப் புரொசசர்கள் வெளியே சொல்வதில்லை. சொப்ட்வெயார் எழுதியவர்கள் ஊகித்தார்கள். ஒருவர் 95 என்றார், இன்னொருவர் 105 என்றார். ஒரே பெட்டி, ஒரே நிமிடம். ஒரு சொப்ட்வெயாரில் 50 பாகை, மற்றதில் 60 பாகை. 2008இல்தான் இன்டெல் தன் டெவலப்பர் மாநாட்டில் பட்டியலை வெளியிட்டது. ஈ8400 போன்றவற்றுக்கு 100 என்றது. அதையும் ஓர் இலக்கு எண்ணாகத்தான் சொன்னது. சிப்புக்குச் சிப் கொஞ்சம் மாறும். அதே ஆண்டுக் கடைசியில் வந்த முதலாவது கோர் ஐ7 தலைமுறையிலிருந்துதான் அந்த எல்லையைச் சிப்பிலிருந்தே வாசிக்க முடிந்தது.

இன்னொன்று. அந்த உணரி வைக்கப்பட்டது சிப் எரிந்துபோகாமல் காப்பதற்கு. எல்லைக்குப் பக்கத்தில் அது ஓரளவு சரியாக இருக்கும். பெட்டி சும்மா கிடக்கும்போது அது சொல்லும் எண்ணுக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. 45 நானோமீற்றர் கோர் 2 சிப்கள் சிலவற்றில் உணரி ஒரு எண்ணில் ஒட்டிக்கொண்டு, அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. ஒரு கோர் 38, மற்றக் கோர் 47 என்று காட்டினால், ஒரு பக்கம் மட்டும் வேகுது என்று அர்த்தம் இல்லை. ஓர் உணரி அசைய மறுக்குது, அவ்வளவுதான்.

ஏஎம்டி பக்கம் இன்னும் சுவாரசியம். ஃபெனொம் காலத்துப் புரொசசர்கள் தரும் எண் உண்மையான வெப்பநிலையே இல்லை, ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கான ஒரு அளவுகோல் என்று ஏஎம்டியின் ஆவணமே சொல்கிறது. அதனால்தான் அந்தப் பெட்டிகள் சில, அறையை விடக் குளிராக இருப்பதாகக் காட்டும். அதிலும் ஏஎம்2+ சொக்கெட்டில் வந்த சிலவற்றின் உணரியில் பிழை இருக்கிறது என்று அந்தக் கொம்பனியே ஒத்துக்கொண்டது. லினக்ஸில் அந்த உணரியை வாசிக்கும் டிரைவர், அப்படிப்பட்ட சிப்பைக் கண்டால், நாங்கள் வற்புறுத்தினால் ஒழிய வேலை செய்யவே மறுக்கும். நம்பமுடியாத எண்ணைக் காட்டுவதை விடக் காட்டாமல் விடுவது நல்லது என்று அதை எழுதியவர்கள் முடிவெடுத்தார்கள். எனக்கு அந்த முடிவில் பெரிய மரியாதை உண்டு. இது பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2017இல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் ஃபேன் கட்டுப்பாட்டுக்காக வேண்டுமென்றே 20 பாகை கூட்டிக் காட்டின.

இனி எங்கட ஊருக்கு வருவம். இந்த விஷயத்தில் மட்டக்களப்பு வெயில் எங்களுக்கு ஒரு உதவி செய்யுது. காற்றால் குளிர்விக்கும் எந்தப் பெட்டியும் தான் இருக்கும் அறையை விடக் குளிராக இருக்க ஏலாது. குளிர் நாட்டில் அறை 20 பாகை; அங்கே புரொசசர் 24 என்று பொய் சொன்னாலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. இங்கே கச்சான் வீசுற காலத்தில் அறையே 32, 33. அப்போது 24 என்று காட்டினால் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

அதே வெயில் எங்களைத் தேவையில்லாமல் பயப்படுத்தவும் செய்யுது. "சும்மா இருக்கும்போது 40க்கு மேல் போகக் கூடாது" என்று யூடியூபில் சொல்பவர் 20 பாகை அறையில் இருந்து சொல்கிறார். அவருடைய 40 என்றால் அறையை விட 20 கூட. அதே ஹீட்சிங்க், அதே ஃபேன், எங்கட 32 பாகை அறையில் 52 காட்டும். அது நோய் இல்லை, கணக்கு. பார்க்க வேண்டியது எண்ணை இல்லை. அறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை.

விசாரணை எப்படி? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சாதாரண வெப்பமானி ஒன்று போதும்.

இரவு முழுக்கப் பெட்டியை நிறுத்தி வையுங்கள். காலத்தால அறையின் சூட்டைப் பார்த்துவிட்டு, போட்டவுடனே பயோஸுக்குள் போங்கள். அறையை விடக் குறைவாகக் காட்டினால் உணரி பொய். போட்ட அடுத்த கணமே 80, 90 என்றால் அதுவும் சந்தேகத்துக்குரியது. ஆறிக் கிடந்த இரும்பு அந்த நேரத்துக்குள் அவ்வளவு ஏறாது. ஆனால் ஒன்று: பயோஸில் இருக்கும்போது பல பெட்டிகளில் புரொசசர் ஓய்வெடுக்காது. ஆகவே பயோஸில் காட்டுவது விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதை விடக் கூடுதலாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

பிறகு இரண்டு வேறு சொப்ட்வெயார்களில் பாருங்கள். எந்த எண் எந்த உணரியுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்: கோருக்குள் இருப்பது வேறு, சொக்கெட்டுக்குக் கீழே இருப்பது வேறு, பெயரில்லாத மூன்றாவது பெரும்பாலும் வெறுங்கால். "எல்லைக்கு எவ்வளவு தூரம்" என்று காட்டும் வசதி இருந்தால் அதையே பாருங்கள். அதுதான் சிப் உண்மையாகச் சொன்ன சொல். அடுத்து, எல்லாக் கோர்களுக்கும் பத்து நிமிடம் முழு வேலை கொடுங்கள். உயிருள்ள உணரி சில வினாடிக்குள் ஏறத் தொடங்கும், வேலையை நிறுத்தினால் இறங்கும். அசையாமல் நிற்கும் எண் செத்த எண்.

கடைசியாக, புரொசசரின் வேகத்தைப் பாருங்கள். எல்லையைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் பெட்டி பட்டென்று நின்றுவிடும். திரையில் 95 காட்டியும் வேகம் குறையாமல், பெட்டி நிற்காமல், மணிக்கணக்கா ஓடினால் அந்த 95ஐச் சிப்பே நம்பவில்லை. வேகம் குறைந்தால் சிப் நம்புகிறது. நீங்களும் நம்ப வேண்டும்.

இங்கேதான் மறுபக்கத்துப் பிழையும் இருக்கிறது. கொஞ்சம் விஷயம் தெரிந்த பெடியன்கள் செய்வது. 95 காட்டுது, ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்குது. "சென்சர் பொய், விடு மச்சான்" என்று எச்சரிக்கையை நிறுத்திவிடுவார்கள். அது தலைகீழான முடிவு. முழு வேலை நடக்கும்போது ஹீட்சிங்க் குளிராக இருப்பது பெரும்பாலும் சூடு அங்கே போய்ச் சேரவில்லை என்பதற்கு அடையாளம். எல்ஜிஏ 775 பெட்டிகளில் இன்டெல் ஹீட்சிங்க் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் நிற்குது. பெட்டியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கும்போது ஒன்று கழன்றாலே போதும், ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஊசியைச் சரியா அமர்த்தி, பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பயறளவு வைத்தால் முடியும் வேலை. பழைய ஏஎம்டி என்றால் ஒரு கவனம்: காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருக்கும், நேரே இழுத்தால் புரொசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மெல்லத் திருகி எடுக்க வேணும்.

சில போர்ட்களில் பயோஸைப் புதுப்பித்தால் பிழையான எண் சரியாகும். ஆனால் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால், பிழையான எண் காட்டிய பெட்டி ஒன்றுமே காட்டாத பெட்டியாகிவிடும். வாவியோரத்திலும் கடற்கரையிலும் இருப்பவர்கள் பெட்டியைத் திறந்ததோடு ஃபேன் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்று எங்கட வீட்டு ஜன்னல் கம்பியை மட்டும் தின்பதில்லை.

இப்ப கடைக்காரர் பக்கம். அவர்களைத் திட்டுவது இலகு; அது நியாயம் இல்லை. மேலே சொன்ன விசாரணைக்கு ஒரு இரவும் ஒரு மணித்தியாலமும் வேணும். அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ரேம் மாற்றினால் காசு கொடுப்போம், பவர் சப்ளை மாற்றினால் காசு கொடுப்போம். "ஒண்டும் பழுதில்ல, அந்த எண்தான் பிழை" என்று சொன்னால், "ஒண்டும் செய்யேல்லத்தானே, பிறகென்ன காசு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். பொருள் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் பொருள் விற்கப் பார்க்கிறார் என்று குறைசொல்ல முடியாது. டொக்டர் பார்த்துவிட்டு "ஒண்டுமில்ல மகன், போ" என்றாலும் நாங்கள் காசு கொடுக்கிறோம்தானே. பார்த்ததற்கு ஒரு நியாயமான கட்டணம், அதற்குப் பதிலாக என்ன பார்த்தார் என்று நாலு வரி எழுத்தில். இந்த ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

"இந்தக் கிழட்டுப் பெட்டிகளுக்கு இவ்வளவு மினக்கெட வேணுமா, கரண்ட் பில்லைப் பார்த்தீங்களா" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கு. எல்லாப் பழசும் ஒன்று இல்லை. பென்டியம் டி 840 போன்றது 130 வாட் வகை. எங்கட வெயிலில் அது ஒரு அடுப்பு, அதை விட்டுவிடுங்கள். ஈ8400 65 வாட்தான். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது உண்மை. ஆனால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாடம் படிக்க, புரோகிராம் எழுதிப் பழக, கட்டுரை தட்டச்சு செய்ய அந்தப் பெட்டி இன்னும் காணும். கழிக்க வேண்டிய நாள் வரும்போது கழிப்போம். அந்த நாளை ஒரு வெறுங்கால் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன், பாடசாலைக் கணினி அறைகளில் இருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் ஒரு துண்டு கடதாசி ஒட்டுங்கள். திகதி, அறையின் சூடு, சும்மா இருக்கும்போது காட்டியது, முழு வேலையில் காட்டியது. நான்கு எண்கள்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். அறைக்கும் அதற்குமான வித்தியாசம் அப்படியே இருந்தால் எண் எவ்வளவு பெரிசாகத் தெரிந்தாலும் பெட்டி சுகம். வித்தியாசம் 10, 15 என்று கூடியிருந்தால், எண் பிழையாக இருந்தாலும் மாற்றம் உண்மை. தூசு தட்டவோ பேஸ்ட் மாற்றவோ நேரம் வந்துவிட்டது. அந்தக் கடதாசியோடு கடைக்குப் போகும் பிள்ளையிடம் "போர்ட் மாத்த வேணும்" என்று சும்மா சொல்லிவிட முடியாது.